முதியோரின் மறதியும் அவர்கள் வாழ்ந்த தெருவும்



சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, ஓர் அஸர் தொழுகையில் நடந்தது இது. முன்வரிசையில் நின்று தொழுத முதியவர் ஒருவர், இமாம் ஸலாம் கொடுத்த பின்னரும் எழுந்து நின்று ஐந்தாவது ரக்அத்தைத் தொடங்கிவிட்டார். பின்வரிசையில் இருந்த இளைஞர்கள் இருவர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றனர். பக்கத்தில் இருந்தவர் அவருடைய தோளைத் தொட்டு அமர்த்தினார். வெளியே வந்த அந்தப் பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். அவருக்கு வீடு எந்தப் பக்கம் என்பது புலப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதே பள்ளிவாசலுக்கு நடந்து வந்தவர் அவர்.

"வயசாகிவிட்டது" என்றார் ஒருவர். அந்த ஒரு சொல்லோடு அனைவரும் கலைந்தோம். கலைந்தவர்களுள் நானும் ஒருவன்.

வயது என்பது உண்மைதான். அறிந்தவற்றையெல்லாம் அறியாத நிலைக்குத் திரும்பும் தளர்ந்த முதுமையைப் பற்றி அல்லாஹ் தன் திருமறையில் இரண்டு இடங்களில் (16:70, 22:5) நினைவூட்டுகின்றான். அத்தகைய முதுமையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியிருக்கின்றார்கள். ஆகவே மறதி வருவதே இறைவனின் ஏற்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று எவரும் கருதவேண்டியதில்லை. ஆனால் அது எவருக்கு முன்னதாக வருகின்றது, எந்தத் தெருவில் அதிகமாக வருகின்றது என்ற வினா இருக்கின்றதே, அதற்கு "வயசு" என்பது விடையாகாது. அறுபத்தைந்தில் ஒருவருக்கு நினைவு தேய்கின்றது. எண்பத்தைந்திலும் இன்னொருவர் பேரனின் நிக்காஹ் ஒப்பந்தத்தைத் திருத்தித் தருகின்றார். இந்த வேறுபாட்டில் மனிதர் செய்த பங்கும் இருக்கின்றது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கின்றேன்.

டிமென்ஷியா எனப்படும் மறதிநோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆய்வுக்குழு 2024ல் வெளியிட்ட அறிக்கை, அந்நோய்க்கு இட்டுச்செல்லும் பதினான்கு காரணிகளைக் குறிப்பிடுகின்றது. குறைந்த கல்வி, காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியவை அவற்றுள் சில. பார்வைக் குறைவும் கெட்ட கொழுப்பும் அவ்வாண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டவை. இப்பதினான்கையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் வரும் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஒருவர் எந்த வீட்டில் பிறந்தார், எந்தத் தெருவில் வாழ நேர்ந்தது, பள்ளிக்கூடத்தின் வாசல் அவருக்குத் திறந்ததா என்பவற்றோடு பிணைந்தவை.

இந்தப் பிணைப்பை மிக விரிவாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கறுப்பின முதியோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று அந்நாட்டு அல்சைமர் சங்கம் கூறுகின்றது. இரத்தத்தில் ஏதோ வேறுபாடு என்று சொல்லிக் கடந்துவிட முடியவில்லை. 1930களில் அரசு அமைப்பொன்று நகர வரைபடங்களில் கறுப்பினத்தார் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்தது. குறிக்கப்பட்ட பகுதிகளுக்கு வீட்டுக் கடன் கிடைக்கவில்லை. கடன் கிடைக்காத இடத்தில் நல்ல பள்ளி, நல்ல மருத்துவமனை, மரநிழல், நடைபாதை எவையும் வளரவில்லை. 1995ல் தொடங்கிய ஓர் ஆய்வு 59,000 கறுப்பினப் பெண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. கடையிலும் அலுவலகத்திலும் இனத்தின் பெயரால் இழிவை அதிகம் சந்தித்ததாகச் சொன்னவர்களே, நினைவும் சிந்தனையும் தளர்வதாக அதிகம் தெரிவித்தனர். ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற பேராசிரியர் 1992லேயே இதற்கு ஓர் உவமை தந்தார்: வெயிலிலும் மழையிலும் பாறை தேய்வதுபோல, நாள்தோறும் அவமதிப்பைத் தாங்கும் உடல் வயதுக்கு முன்னரே தேய்கின்றது என்றார்.

உடலியல் வழியும் விளங்காத ஒன்றன்று. அவமதிப்பை எதிர்பார்த்து வாழும் மனிதனின் உடலில் கார்ட்டிசால் என்ற சுரப்பு இறங்கவேண்டிய நேரத்தில் இறங்குவதில்லை. உறக்கம் கெடுகின்றது. இரத்த அழுத்தம் ஏறுகின்றது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சேதமடைகின்றன. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நீண்டகால மன அழுத்தத்தை எளிதில் தாங்காதது. ஒரு நாளில் நேர்வதன்று இது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் நேர்வது. பிலால் (ரலி) அவர்களின் நிறத்தைச் சொல்லிக் காட்டியவரை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். ஒரு சொல்லுக்கு ஏன் அவ்வளவு கடுமை என்று சிறுவயதில் நான் எண்ணியதுண்டு.

அமெரிக்காவை விட்டு நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் செல்பவர்கள், நகரைத் தாண்டிய சற்று நேரத்தில் சன்னலை மூடுவார்கள். சிப்காட் வந்துவிட்டது என்பதற்கு அறிவிப்புப் பலகை தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும். 1980களில் உப்பனாற்றை ஒட்டி எழுந்த அந்த இரசாயனத் தொழிற்பேட்டையைச் சுற்றிக் குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்கள் இருக்கின்றன. நாம் ஐந்து நிமிடம் சன்னலை மூடிக்கொள்கின்றோம். அங்கே பிறந்து அங்கேயே முதுமை எய்தியவர்களுக்கு மூடுவதற்குச் சன்னல் ஏது? அப்பகுதிக் காற்றில் கலந்துள்ள நச்சுப் பொருள்களால் வரும் புற்றுநோய் அபாயத்தைத் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 2007ல் எச்சரித்தது. புற்றுநோய் என்றால் நாம் அஞ்சுகின்றோம். காற்று மாசு மறதிநோய்க்கும் ஒரு காரணி என்பதை இன்னும் நாம் பேசத் தொடங்கவில்லை. மேலும், தொழிற்பேட்டைக்கு இடம் தேடும்போது அது எவர் வீட்டருகே அமைகின்றது என்பதும் தற்செயல் அன்று. குரல் எட்டாதவர்களின் வீட்டருகேதான் எந்த நாட்டிலும் அமைகின்றது.

அதே சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் எனச் சென்றால் சிதம்பரம். நந்தன் என்ற அடியார் உள்ளே செல்ல இயலாமல் வெளியே நின்ற கதை அந்த ஊரோடு பிணைந்தது. நம் பிள்ளைகளும் அதைப் பள்ளியில் படித்திருக்கின்றார்கள். அந்த நந்தனின் பெயரால் 1916ல் சுவாமி சகஜானந்தர் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற பள்ளிகளின் வாசல் மூடியிருந்த தலித் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இடம் அது. சிதம்பரத்தை அடுத்த காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள், 1965ல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை ஒழிப்புக் குழுவுக்குத் தலைமையேற்று, 1969ல் அறிக்கை அளித்தார். தீண்டாமை நாட்டில் எங்கெங்கு, எந்தெந்த உருவில் நிலவுகின்றது என்பதை அரசே எழுதிவைத்த ஆவணம் அது. தலித் மக்கள் ஏறத்தாழ பத்தில் மூவராக வாழும் மாவட்டம் கடலூர். அறிக்கை வந்த ஆண்டில் சிறுவராய் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய முதியோர். பள்ளியில் தனியே அமர்த்தப்பட்டதும், தேநீர்க் கடையில் தனிக் குவளை தரப்பட்டதும் அவர்களின் சொந்த வாழ்வு. ஊரின் தாழ்ந்த பகுதியில், வெள்ளம் முதலில் நுழையும் இடத்தில் அவர்களின் குடியிருப்பு. முகவரியிலேயே இழிவு ஒட்டியிருந்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவிக்கவேண்டி வந்தது என்றால், அந்தச் சொல் எவ்வளவு காலம் குத்தியிருக்கவேண்டும்!

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரங்களைவிடக் கிராமங்களுக்கும் அதிகம் என்றும் அது கண்டது. பெண், கிராமம், எழுத்தறிவின்மை: இம்மூன்றும் சேரும் இடத்தில் சுமையும் சேர்கின்றது.

இங்கே நாம் நம்மைப் பார்த்துக்கொள்ளவேண்டும். நாம் பாகுபாட்டுக்கு ஆளாகும் சமுதாயம் என்பதில் ஐயமில்லை. வாடகை வீடு கேட்டுச் சென்று, பெயரைச் சொன்னவுடன் "வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம்" என்ற விடையைப் பெறாத குடும்பம் நம்மில் அரிது. தில்லிப் பகுதியில் பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் செய்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், முஸ்லிம் பெயரில் வீடு கேட்டவர்களே மிக அதிகமாக மறுக்கப்பட்டனர்; தலித் பெயர்கள் அடுத்த இடத்தில் இருந்தன. 2006ல் வந்த சச்சார் குழு அறிக்கையும், அச்சத்தாலும் மறுப்பாலும் முஸ்லிம்கள் தனிப் பகுதிகளில் ஒடுங்குவதையும், அப்பகுதிகளை நகராட்சி வசதிகள் எட்டாமல் போவதையும் பதிவு செய்தது. கழிவுநீர் ஓடாத தெருவில் முதியவர் மாலை நடை செல்ல இயலாது. நடை நின்றால் நீரிழிவு ஏறும். வெளியே போகாதவரின் உலகம் சுருங்கும்.

ஆனால் நம் உம்மாக்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது எவர்? சச்சாரும் இல்லை, வீட்டு உரிமையாளரும் இல்லை. நாம்தான். இன்று எழுபத்தைந்தைக் கடந்த மூதாட்டியர் பிறந்த காலத்தில், 1951ல், இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அது நாட்டின் பொது நிலை. அதன் பின்னர் நாட்டில் பள்ளிகள் பெருகின. நம் வீடுகளிலோ பெண் பிள்ளை பெரியவளானதும் புத்தகப் பை பரணில் ஏறியது. கடற்கரை ஊர்களில் இது மார்க்கத்தின் பெயராலேயே நடந்தது. கல்வி தேடுவது கடமை என்று கற்பிக்கும் மார்க்கத்தின் பெயரால்! இளமையில் பெறும் கல்வி மூளைக்கு ஒரு சேமிப்பு என்கின்றனர் மருத்துவர்கள். பிற்காலத்தில் நோய் அதை அரிக்கத் தொடங்கினாலும், சேமிப்பு உள்ளவர் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றார். அந்தச் சேமிப்பை நம் பெண்களுக்கு நாமே மறுத்தோம்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அம்மூதாட்டியருள் பலர் உண்மையில் எழுத்தறியாதவர் அல்லர். குர்ஆன் ஓதத் தெரியும். அரபுத் தமிழில் அச்சான மார்க்க நூல்களை எழுத்துக்கூட்டி அல்ல, சரளமாகவே படிப்பார்கள். வெளிநாட்டில் இருந்த கணவருக்கு அரபு எழுத்தில் தமிழ்க் கடிதம் எழுதியவர்களும் உண்டு. ஆனால் மருத்துவமனையில் நினைவாற்றலைச் சோதிக்கும் ஒருவர் தமிழில் ஒரு வாக்கியத்தை நீட்டிப் படிக்கச் சொன்னால், "படிக்கத் தெரியாது" என்பதே அவர்களின் விடை. கடை எங்கே, இன்று என்ன கிழமை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எந்த ஊரில் என்று கேட்டால், வீட்டு முற்றத்துக்குள்ளேயே வாழ்ந்தவர் திகைப்பார். நோயில்லாதவருக்கு நோய் என்றும், நோயுள்ளவருக்கு அறியாமை என்றும் தவறாக எழுதிவிட வாய்ப்புண்டு. சோதனைக்கு அழைத்துச் செல்லும் மகளோ மருமகளோ இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்: "உம்மா அரபுத் தமிழ் படிப்பார்கள், இஸ்லாமிய மாதக் கணக்கில் நாள் சொல்வார்கள்." சிறிய செய்திதான். முடிவை மாற்றக்கூடியது.

நம் ஊர்களுக்கே உரிய வேறொரு துயரம், ஆளில்லாத வீடு. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் மாடி மேல் மாடி எழுந்திருக்கின்றது. உள்ளே ஒரு மூதாட்டியும் ஒரு பணிப்பெண்ணும். பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும். ஒவ்வொரு வெள்ளியும் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுகின்றார்கள், உம்மா புன்னகைக்கின்றார், பேசுபவர் எந்த மகன் என்பதை அவர் மறந்திருப்பதை அத்திரை காட்டுவதில்லை. ஆண்களுக்காவது பள்ளிவாசல் இருக்கின்றது. நாளுக்கு ஐந்து முறை வெளியே வந்து, நான்கு முகங்களைக் கண்டு, ஸலாம் சொல்லித் திரும்பும் முதியவருக்குக் கிடைப்பது மருந்துக் கடையில் கிடைக்காதது. தனிமை மறதியை வளர்க்கும் என்பதை அறியாமலேயே நம் மஹல்லா அமைப்பு அதற்கு மாற்று வைத்திருந்தது. வெளியார் மறுப்பால் ஓரளவு உருவான நெருக்கம்தான் அது. எனினும் அதன் நிழலில் முதியோர் பிழைத்தனர் என்பதை நான் மறுக்கமாட்டேன். பெண்களுக்கு அந்த நிழல் பாதியளவே கிடைத்தது. பக்கத்து வீட்டுத் திண்ணைப் பேச்சும் ஹத்தமும் கல்யாண வீடும்தான் அவர்கள் வெளியுலகம். இப்போது திண்ணையும் போய்விட்டது, மதில் வந்துவிட்டது.

ஜமாஅத்தார்களிடம் நான் வேண்டுவது பெரிய கட்டடம் அன்று. மக்தப் மாலையில்தான் நடக்கின்றது. காலை முழுவதும் அந்த அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் அவற்றை மூதாட்டியருக்குத் திறந்துவிடலாம். ஓதுவார்கள், பேசுவார்கள், கிஸ்ஸா சொல்வார்கள். செவித்திறன் சோதனைக்கும் கண் சோதனைக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். புதுவை சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கின்றது, ஜிப்மரும் எட்டாத தொலைவில் இல்லை. பயான் காதில் விழவில்லை என்று மூலையில் ஒதுங்கியவர், காதுக்கருவி கிடைத்தால் முன்வரிசைக்கு வருவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகின்றார்கள். "அரசு மாத்திரை வேண்டாம்" என்று அவர்களை வாசலிலேயே அனுப்பிவிடும் கௌரவம் நம்மிடம் இருக்கின்றது, அதை விட்டுவிடவேண்டும். மறதி என்ற ஐயம் எழுந்தால் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும் மனச்சோர்வும்கூட மறதிபோல் தோற்றம் காட்டும், அவை குணமாகக்கூடியவை. அதைப் பார்க்காமல் தாயத்துக் கட்டிக் காலம் கடத்துவது அந்தப் பெரியவருக்குச் செய்யும் அநீதி.

இன்னொன்று சொல்லவேண்டும், சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். நம் மஹல்லாவை ஒட்டிய தலித் குடியிருப்புக்கும் இந்த முகாம்களின் வாசல் திறந்திருக்கவேண்டும். வீடு மறுக்கப்படுவதன் வலியை அறிந்த நாம், நம் மாடி வீட்டை அவர்களுக்கு வாடகைக்கு விடுகின்றோமா என்று கேட்டுக்கொண்டால் தலை குனியவேண்டியிருக்கும். நம்முள்ளேயே மருத்துவ வேலையும் நாவிதமும் செய்துவந்த ஒஸ்தா குடும்பங்களை எத்தனை தலைமுறை சம்பந்தம் பேசாமல் ஒதுக்கினோம் என்பதும் ஒளிவு மறைவு இல்லாத செய்தி. பள்ளிவாசலில் தோளோடு தோள். பெண் பார்க்கும்போது தெரு பார்ப்பது. அவர்களின் முதியோரும் அந்தப் பார்வையை ஆயுள் முழுவதும் சுமந்தவர்கள்தாம். நம்மால் முடியாதது என்றும் சொல்ல இயலாது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி, இம்மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் எவரையும் காத்திராமல் சமைத்த உணவோடு மீனவக் கிராமங்களுக்குச் சென்றனர். எந்தச் சாதி, எந்த மதம் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

அறிவு மயங்கியவரிடம் கடமை கேட்கப்படுவதில்லை என்பது ஃபிக்ஹு. அவருடைய தொழுகைக் கணக்கை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைக்கவில்லை. ரக்அத்தை மறந்தவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும், சிரிப்பைக் கேட்டும் கேளாதவர் போல் வெளியேறிய எனக்கும்தான் கணக்கு இருக்கின்றது.

அந்தப் பெரியவர் இப்போதும் அஸருக்கு வருகின்றார். மோதினார் ஏற்பாடு செய்த மக்தப் மாணவன் ஒருவன் அவரோடு வீடு வரை நடக்கின்றான். சென்ற வாரம் அவனிடம் விசாரித்தேன். "வீடு எங்கே என்று தெரியவில்லை, மாமா. ஆனால் வழியில் இருக்கும் எல்லா வீட்டிலும் முன்பு எவர் இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வருகின்றார்" என்றான். சிலவற்றை அவன் நோட்டில் எழுதி வைத்திருக்கின்றானாம்.